16,400 ரூபாய் எஸ்டிமேட்: மாமாவின் காரை எங்கே சர்வீஸ் விட்டோம், ஏன்?

சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கும் என் தாய்மாமாவின் கார் 2019-ல் வாங்கியது. 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், ஓடியது 38,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்று திரும்பிவிடும், இந்தக் கதை எந்தக் கம்பெனி வண்டிக்கும் பொருந்தும். மாமா மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி எடுத்த நாள் முதல் எல்லா பில்லையும் ஓட்டை போட்டு ஒரு ஃபைலில் கோத்து வைத்திருக்கிறார், அந்த ஃபைல் இல்லாவிட்டால் இதில் பாதியை எழுதியிருக்க முடியாது. கூடுதல் பணம் கட்டி நீட்டித்த வாரன்டி 2024-ல் முடிந்தது. அதுவரை மறுபேச்சில்லாமல் கம்பெனி சர்வீஸ்தான். 2025 அக்டோபரில், மழைக்கு முன்னால் வருட சர்வீஸை முடித்துவிடலாம் என்று போனவருக்குக் கையில் கொடுத்த எஸ்டிமேட் 16,400 ரூபாய். "மாப்பிள்ளை, இனிமே வெளியவே விட்டுடலாமா?" என்று போன் வந்தது.

மாமா கேட்டது எந்த இடத்தில் விடுவது என்று. ஆனால் ஃபைலையும் எஸ்டிமேட்டையும் வண்டியோடு வந்த கையேட்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தால், இடத்தை மாற்றுவதில் மிச்சமாவது கொஞ்சம், வேலைப் பட்டியலை மாற்றுவதில் மிச்சமாவது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கணக்கைக் கீழே கொடுத்திருக்கிறேன், தொகைகளை ரவுண்டாக்கி, வரியோடு சேர்த்து.

எஸ்டிமேட்டுக்குள் என்ன இருந்தது

முதல் பாதி வழக்கமானது. இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் 2,300, சர்வீஸ் லேபர் 2,400, ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் சேர்த்து 800, பிரேக் ஆயில் மாற்ற 600, வீல் அலைன்மென்ட் பேலன்சிங் 900, கன்ஸ்யூமபிள்ஸ் அது இது என்று 500. ஆக 7,500.

மீதி 8,900 ரூபாயும் வேறு ரகம். இன்ஜின் ஃப்ளஷ், அதாவது உள்ளே படிந்த ஆயில் கசடைக் கரைத்துக் கழுவுவது, 650. த்ராட்டில் பாடியும் (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி) இன்ஜெக்டரும் (பெட்ரோல் பீய்ச்சுவது) சுத்தம் செய்ய 1,500. ஏசிக்குள் நுரை அடித்துக் கிருமி நீக்க 1,350. வண்டியின் அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு 3,800. உள்பக்க சுத்தம், பாலிஷ் 1,600. இவற்றில் ஒன்றுகூட கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் கிடையாது. ஒன்றுகூட இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சர்வீஸ் அட்வைசர் பேசும்போது எல்லாம் ஒரே மூச்சில் வந்தது, ஆயில் மாற்றுவதும் ஃப்ளஷ் அடிப்பதும் ஒரே தட்டில் இருப்பது மாதிரி. "சார், வண்டிக்கு ஆறு வருஷம் ஆச்சு, இப்ப ஃப்ளஷ் பண்ணலைன்னா இன்ஜின் லைஃப் குறைஞ்சுடும்" என்றிருக்கிறார். ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒரு மனிதரிடம் "லைஃப் குறைஞ்சுடும்" என்றால் அவர் தலையாட்டத்தான் செய்வார்.

அந்த அட்வைசர் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. புதுக் கார் விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் மெலிசு, ஷோரூம் வாடகை, சம்பளம், வட்டி எல்லாம் போக ஓட்டத்தைத் தாங்குவது பெரும்பாலும் சர்வீஸும் உதிரி பாகமும் இன்சூரன்ஸும்தான். அதனால் அட்வைசருக்கு ஒரு வண்டிக்குச் சராசரியாக இவ்வளவு பில் வர வேண்டும், கூடுதல் வேலைகள் இத்தனை விற்க வேண்டும் என்று இலக்கு இருக்கும். ஃப்ரீ சர்வீஸ் என்று முதல் வருடம் கூப்பிடுவதிலும் லேபர்தான் ஃப்ரீ, ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. இதெல்லாம் தெரிந்துவிட்டால் சண்டை போடத் தேவையே இல்லை, "இது வேண்டாம்பா, இது வேண்டாம்பா" என்று நிதானமாகக் கோடு போட்டுக்கொண்டே வரலாம்.

மாமாவின் ஃபைலைப் புரட்டினால் இன்னொன்று. இன்ஜின் ஃப்ளஷும் ஏசி நுரையும் அநேகமாக எல்லா வருட பில்லிலும் இருக்கிறது. சொன்ன நேரத்தில் சரியான ஆயிலை மாற்றிவந்த இன்ஜினில் ஃப்ளஷ் போட்டுக் கரைக்க என்ன இருக்கும்? ஏசியில் வாடை அடித்தால் நுரை அடிக்கலாம், நியாயம். வாடை இல்லாத ஏசிக்கு ஃபில்டர் மாற்றினால் போதும், அதையும் பல கார்களில் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றிவிட்டு நாமே ஐந்து நிமிடத்தில் செய்யலாம். த்ராட்டில் பாடியும் அப்படித்தான். ஐடிலில் வண்டி தடுமாறினால், ஆர்பிஎம் ஏறி இறங்கினால் கழுவ வேண்டும். ஒழுங்காக ஓடுகிற வண்டியில் வருடா வருடம் அதைக் கழற்றி மாட்டுவதில் லாபம் யாருக்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடிப்பாகப் பூச்சு விஷயத்தில் மட்டும் அவ்வளவு சுலபமாகக் கோடு போட முடியவில்லை. மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி பகுதியில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கனமழை எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நின்ற தண்ணீர் எத்தனை வண்டிகளின் தளத்தைத் தொட்டுப் போனது என்று அந்தப் பக்கத்து மெக்கானிக்குகளைக் கேட்டால் சொல்வார்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரமாக இருந்தால் உப்புக்காற்று வேறு. அப்போது பூச்சு தேவையா? புது வண்டியிலேயே கம்பெனி கொடுத்த துருத் தடுப்பும் சீலர் பூச்சும் இருக்கிறது. அதன் மேல் அடிப்பதாக இருந்தால் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவி, காய்ந்து, சேறு துளியும் இல்லாமல் இருந்தபிறகுதான் அடிக்க வேண்டும். காலையில் விட்டு மாலையில் எடுக்கிற வண்டியில், வாட்டர் வாஷ் ஈரம் காய்வதற்குள் அடித்தால் ஈரத்தையும் மண்ணையும் உள்ளே வைத்து மூடியதாகிவிடும், துரு அதற்குள்ளிருந்தே கிளம்பும். மாமாவின் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். சைலன்சர் இணைப்பிலும் சில போல்ட்டுகளிலும் மேலோட்டமான துரு, தகட்டில் ஒன்றும் இல்லை. இந்த வருடம் வேண்டாம் என்று விட்டோம். கடலோரத்தில் வெட்டவெளியில் நிறுத்துகிறவர் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கையேடு என்ன சொல்கிறது

டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு தூங்கும் அந்தப் புத்தகத்தை எடுத்து, பராமரிப்பு அட்டவணை என்ற பக்கத்தைப் பிரித்தாலே பாதி வேலை முடிந்தது. மாமாவின் வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அது. அவர் வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டினாலே அதிகம். காலையில் நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில், சாயங்காலம் காய்கறி, வருடத்தில் ஒன்றிரண்டு முறை கும்பகோணம். அதனால் அவருக்கு மாதக் கணக்குதான். "கொஞ்சம்தானே ஓடியிருக்கு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தினா போதாதா?" என்று அத்தை கேட்டார், நல்ல கேள்வி. சின்னச் சின்னப் பயணங்களில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். எரிந்ததில் உண்டாகும் ஈரமும் கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலோடு கலந்து ஆவியாகாமல் தங்கிவிடுகிறது. நீண்ட தூரம் ஓடும் வண்டியின் ஆயிலைவிட, இப்படிக் கோயிலுக்கும் கடைக்கும் போகிற வண்டியின் ஆயில் கிலோமீட்டர் கணக்கில் சீக்கிரம் கெட்டுப்போகும்.

பிரேக் ஆயில் எஸ்டிமேட்டில் இருந்தது, அது நியாயமாக வந்த வேலை. அந்த ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறியதும் அந்த அளவு 140-க்கு வந்துவிடலாம். டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் விடாமல் பிரேக் அடித்துக்கொண்டே இறங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர் விஷயம். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கையேடு, ஃபைலில் 2021, 2023 என்று பில் இருக்கிறது, ஆக 2025-ல் முறை வந்துவிட்டது.

வேடிக்கை எங்கே என்றால், கையேட்டில் 40,000 கிலோமீட்டருக்கு மாற்றச் சொல்லும் ஸ்பார்க் பிளக், 38,000-ஐத் தாண்டிய வண்டிக்கு, அடுத்த சர்வீஸ் வருவதற்குள் கெடு தாண்டிவிடும் நிலையில், 16,400 ரூபாய் எஸ்டிமேட்டில் எங்குமே இல்லை! நான்கு பிளக்கும் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிகிற சமாச்சாரம். பட்டியல் எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மூன்று இடத்தில் கேட்டோம்

கம்பெனி சென்டருக்கே திரும்பப் போய், கோடு போட்ட தாளைக் கொடுத்து, இதை மட்டும் செய்தால் எவ்வளவு என்று கேட்டோம். முகம் கொஞ்சம் சுருங்கியது, மற்றபடி மறுப்பில்லை. 7,500. பிளக்கை ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவில்லை, எல்லா இடத்திலும் அது தனி.

அடுத்து ஆப். வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற ரகம், 4,800-க்கு ஒரு பேக்கேஜ். படித்துப் பார்த்தால் ஏர் ஃபில்டர் "சுத்தம்" என்று இருந்தது, "மாற்றம்" என்று இல்லை. பிரேக் ஆயில் "டாப் அப்". ஆயில் எந்த கிரேடு என்று கேட்டதற்கு "ஃபுல்லி சிந்தெடிக் சார்" என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. நமக்குத் தேவை கிரேடு. எந்தப் பட்டறையில் வேலை நடக்கும் என்று கேட்டோம், புக் செய்தபிறகுதான் தெரியுமாம். ஆப் என்பது நடுவில் நிற்கும் ஆள், ஸ்பானரைப் பிடிக்கப் போவது வேறு யாரோ. அந்த வேறு யாரோ நல்லவராகவும் இருக்கலாம், ஆனால் யாரென்று தெரியாமல் சாவியைக் கொடுக்க மாமா தயாராக இல்லை. இந்தத் துறையில் 2023 ஜனவரியில் கோமெக்கானிக் என்ற கார் சர்வீஸ் ஆப்பின் நிறுவனர்களில் ஒருவரே கணக்குகளில் தவறு நடந்ததைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார், ஊழியர்களில் பெரும்பகுதியை அனுப்பினார்கள், பிறகு கம்பெனி கைமாறியது. நாங்கள் கேட்டது வேறு ஆப். ஆனாலும் வருடச் சந்தா, முன்பணப் பேக்கேஜ் என்று எதையும் முன்கூட்டியே கட்டாமல் இருப்பது நல்லது என்பதற்கு அந்தச் செய்தி போதும்.

மூன்றாவது வெளி மெக்கானிக். இதில் இரண்டு பேரைப் பார்த்தோம். முதலாமவர் பக்கத்துத் தெரு, நல்ல கூட்டம், வேலை சுறுசுறுப்பு. ஆயில் பற்றிக் கேட்டதும் மூலையில் நின்ற டிரம்மைக் காட்டினார். 20டபிள்யூ-40. "எல்லா வண்டிக்கும் இதான் சார், இருபது வருஷமா ஊத்துறேன்." மாமாவின் கையேட்டில் இருப்பது 0டபிள்யூ-20. முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைச் சொல்வது, கடைசி எண் சூட்டில் அதன் கெட்டித்தன்மை. இப்போதைய சின்ன இன்ஜின்களில் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு, வால்வு நேரத்தை மாற்றும் பொறியமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. கெட்டி ஆயிலை ஊற்றினால் மறுநாளே இன்ஜின் நின்றுவிடாது, அதனால்தான் இருபது வருடமாக யாரும் அவரிடம் புகார் சொல்லவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஆயில் ஏறத் தாமதமாகும், மைலேஜ் குறையும், தேய்மானம் சத்தமில்லாமல் நடக்கும். பழைய அம்பாசடருக்கு அவர் ஆயில் ஒத்துப்போயிருக்கும், இதற்கு வேண்டாம்.

இரண்டாமவர் உள்ளகரம் பக்கம். எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு டீலர் பட்டறையில் பல வருடம் டெக்னீஷியனாக இருந்துவிட்டு வெளியே வந்து சொந்தமாக வைத்தவர். தமிழ்நாட்டில் நல்ல வெளி மெக்கானிக்குகளில் கணிசமானவர்கள் இப்படி வந்தவர்கள்தான், அதனால் கம்பெனியில் நம் வண்டியைத் தொடுகிறவரும் வெளியில் தொடுகிறவரும் சில சமயம் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஆனால் வெளியில் அவரே தொடுவார், கம்பெனியில் பயிற்சிக்கு வந்த பையனும் தொடலாம். பாயிடம் கையேட்டைக் காட்டியதும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார், எனக்கு அதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. "ஆயிலு, ஃபில்டரு நீங்களே வாங்கிட்டு வாங்க சார், சீல் உடைக்காம. நான் லேபர் மட்டும் வாங்கிக்கிறேன்" என்றார். பிளக்கை அவரே எடுத்துச் சொன்னார், நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே.

பட்டறையில் நான் கவனிக்கிறது பெரிய ரகசியமெல்லாம் இல்லை. வண்டிக்கு அடியில் போகும்போது வெறும் ஜாக்கியை நம்பிப் போகிறாரா, ஸ்டாண்டோ லிஃப்டோ இருக்கிறதா. ஆயில் வடிக்கும் போல்ட்டை இறுக்கும்போது நீளமான பைப் மாட்டி முறுக்குகிறாரா (இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் அலுமினியச் சம்பில் மரை போய்விட்டால் அந்தச் செலவு நம் தலையில்). அந்தப் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுகிறாரா. வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கிறாரா. கழற்றிய பழைய சாமானைக் கேட்காமலே காட்டுகிறாரா. தூசு படிந்து மாதக் கணக்கில் நிற்கும் வண்டிகள் எத்தனை. இதில் கடைசியைத்தான் பலரும் பார்ப்பதில்லை. நிறைய வண்டி அப்படி நின்றால் ஒன்று பணத் தகராறு, இல்லை கழற்றிவிட்டு மாட்டத் தெரியாத கதை.

கணக்கு

ஆயில், ஆயில் ஃபில்டர், வாஷர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில் எல்லாம் சேர்த்து வாங்கியது 3,000 ரூபாய் அளவில். பாய் லேபர் 1,200. வீல் அலைன்மென்ட் பேலன்சிங் டயர் கடையில் 800. ஆக 5,000. கம்பெனியில் இதே பட்டியல் 7,500.

அதாவது இடம் மாறியதில் மிச்சம் 2,500. பட்டியலில் கோடு போட்டதில் மிச்சம் 8,900. கம்பெனியை விட்டு வெளியே வராமலே, அங்கேயே உட்கார்ந்து வேண்டாததை அடித்திருந்தால் பெரிய மிச்சம் கைக்கு வந்திருக்கும். இதை மாமாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பழைய பில்களைத் திரும்ப எடுத்து ஃப்ளஷுக்கு இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று கூட்ட ஆரம்பித்துவிட்டார்.

அந்த 2,500-லும் முழுக்க லாபம் என்று சொல்ல முடியாது. கம்பெனி பில்லில் லேபருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வரவு செலவு உள்ள சின்னப் பட்டறை பதிவு செய்யத் தேவையில்லை, அதனால் அங்கே லேபருக்கு வரி இல்லை, ஆனால் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டு. நாளை ஏதாவது தகராறு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவோ 1915 உதவி எண்ணில் புகார் சொல்லவோ கம்பெனியின் ஜாப் கார்டும் பில்லும் பலமான காகிதங்கள். பக்கத்தில் நின்று வேலையைப் பார்க்க முடியாதவர்கள், பேரம் பேசப் பிடிக்காதவர்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் வண்டியைப் பார்த்துக்கொள்கிற பெற்றோர்கள், இவர்களுக்கு அந்தக் கூடுதல் 2,500 வீண் இல்லை. மாமாவுக்கு நேரம் இருக்கிறது, பட்டறையில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பார்ப்பது அவருக்குப் பிடித்தும் இருக்கிறது.

வரி பற்றி இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு முன்னால் பெரும்பாலானவற்றுக்கு 28 இருந்தது. பழைய விலை ஒட்டிய டப்பாவைப் பழைய விலைக்கே கொடுக்கிறார்களா என்று கண்ணை ஓட்டிவிடுங்கள்.

வாரன்டி இருந்திருந்தால்?

வெளியே விட்டால் வாரன்டி போய்விடும் என்ற பயம்தான் புது வண்டிக்காரர்களைக் கம்பெனியோடு கட்டிப் போடுகிறது. இதற்கு இந்தியாவில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. கார் கம்பெனிகள் அசல் உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்காமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொள்கின்றன என்று 2011-ல் ஒரு தனிநபர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தார். மூன்று கம்பெனிகள் மேல் ஆரம்பித்த விசாரணை கிட்டத்தட்ட மொத்தத் துறைக்கும் விரிந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று வந்த உத்தரவில் 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம். சராசரி ஆண்டு விற்றுமுதலில் 2 சதவீதம் என்ற கணக்கு, அதனால் அதிகம் விழுந்தது டாடா மோட்டார்ஸுக்கு, 1,346 கோடிக்கு மேல். நம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய்க்குத் தனி உத்தரவில் 2015-ல் 420 கோடி. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது நீண்ட கதை.

நமக்கு அபராதத்தைவிட அந்த உத்தரவின் இன்னொரு பகுதி முக்கியம். வெளியில் சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் வந்த கோளாறு என்றால் அந்த அளவுக்கு மறுக்கலாம், இதுதான் ஆணையம் சொன்னதன் சாரம். உதிரி பாகங்களையும் கருவிகளையும் வெளியாருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கு என்று ஒரு இணையதளம் திறந்தது, அதில் வாகனங்களும் ஒரு பிரிவு.

காகிதத்தில் இவ்வளவு இருந்தும், வாரன்டி காலத்தில் கம்பெனியிலேயே விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கியர் பாக்ஸ் கோளாறு என்று போய் நிற்கும்போது முதலில் கேட்பது சர்வீஸ் பதிவைத்தான். அந்த நேரத்தில் போட்டி ஆணையத்தின் உத்தரவை நீட்டிக்கொண்டு நிற்பதைவிட, வருடத்துக்கு 2,500 அதிகம் கொடுத்து, வேண்டாததைக் கோடு போட்டுவிட்டு வருவது எளிது. நீட்டித்த வாரன்டி தனி ஒப்பந்தம், அதில் சர்வீஸ் எங்கே செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைப் பணம் கட்டும் முன்பே படித்துவிட வேண்டும். இரண்டு மூன்று வருடத்தில் வண்டியை விற்கப் போகிறவருக்கும் கம்பெனி சர்வீஸ் பதிவு விலையில் உதவும். மாமா 15 வருடம் முடியும்வரை இதே வண்டிதான் என்று இருப்பவர்.

சாமான் எங்கே வாங்குவது

நாமே வாங்கித் தருகிறோம் என்றால் போலி பயம் வரும், நியாயமான பயம்தான். கம்பெனியின் அசல் உதிரி பாகக் கடையிலேயே ஆயிலும் ஃபில்டரும் கவுன்டரில் வாங்கலாம், நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். இல்லாவிட்டால் உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கவே இருக்கிறது, பில் போட்டுக் கொடுக்கும் பழைய கடையாகப் பார்த்து. பழைய சாமான் சந்தையான புதுப்பேட்டை வேறு உலகம். கண்ணாடி, கதவுக் கைப்பிடி, பழைய வண்டியின் கிடைக்காத சாமான் என்றால் அங்கே போகலாம், பிரேக் சாமானுக்குப் போகாதீர்கள்.

கார் கம்பெனி பெட்டியில் வருகிற பாகம் பலவும் வேறு யாரோ செய்து கொடுப்பது. பிரேக் பேடையே எடுங்கள். 1962-ல் ஆரம்பித்த, சென்னை பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியா கம்பெனியும், ரானே கம்பெனியும் பல கம்பெனி வண்டிகளுக்கு பிரேக் பாகம் கொடுக்கிறார்கள், அவர்களே தங்கள் பெயரில் கடைக்கும் விற்கிறார்கள். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். போட்டி ஆணைய வழக்கில் அடிபட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று, பாகம் செய்து கொடுப்பவர்கள் நேரடியாக வெளிச் சந்தையில் விற்க விடாமல் கார் கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தன என்பது. மாமாவின் முன் பேட் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, இப்போதைக்கு வேலை இல்லை.

கடைசியில் செய்தது

ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஆயில், பிளக் எல்லாம் பாயிடம். அலைன்மென்ட் டயர் கடையில், அங்கே கம்ப்யூட்டர் எடுத்த முன், பின் அளவுத் தாளைக் கேட்டு வாங்கி ஃபைலில் போட்டாகிவிட்டது. பாயிடம் துண்டுச் சீட்டு வேண்டாம், தேதி, கிலோமீட்டர், ஆயில் கிரேடு போட்டு எழுதிக் கொடுங்கள் என்றோம், சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனியை முழுக்கக் கைகழுவவில்லை. ஏர்பேக் விளக்கு எரிந்தால், ஏபிஎஸ் கோளாறு என்றால், சாவிக்குப் புரோகிராம் போட வேண்டும் என்றால், கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும், பாயே அப்படித்தான் சொன்னார். ரீகால் விஷயம் ரொம்ப முக்கியம். ஏதாவது பாகத்தில் குறை என்று கம்பெனி திரும்ப அழைத்தால் அது இலவசமாக மாற்றித் தருவது, கம்பெனி சென்டரில் மட்டுமே நடக்கும். வெளியில் சர்வீஸ் விட ஆரம்பித்தவர்களுக்கு அந்தத் தகவல் தவறிப் போக வாய்ப்பு உண்டு, போன் நம்பர் மாறியிருந்தால் இன்னும் அதிகம். கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் நம்பரைப் போட்டால் காட்டிவிடும். மாமாவின் வண்டிக்கு இப்போது ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மழைக்கு முன்னால் கம்பெனிகள் நடத்தும் இலவச செக்கப் முகாமுக்கும் போகலாம், வெளியில் செய்த வேலையை அவர்கள் கண்ணால் ஒருமுறை சரிபார்த்த மாதிரியும் ஆகிறது. அங்கே கொடுக்கும் எஸ்டிமேட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள், அங்கேயே தலையாட்ட வேண்டாம்.

அடுத்து மாமாவின் பட்டியலில் இருப்பது கூலண்ட், கையேட்டில் போட்ட கெடு 2026-ல் வருகிறது. பாய் பட்டறையில் இதற்குக் குழாய்த் தண்ணீர் கலந்து ஊற்றுவதைப் பார்த்தேன், சென்னைத் தண்ணீரில் இருக்கும் உப்புக்கு ரேடியேட்டர் உள்ளே படிவம் கட்டிவிடும். அதனால் ஆயிலைப் போலவே அதையும் ரெடிமிக்ஸ் கேனாக நாங்களே வாங்கிப் போகிறோம். பாய்க்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை, "கொண்டாங்க சார், எனக்கும் வேலை மிச்சம்" என்றுவிட்டார்.